இப்போது எங்கே இரவு?

எங்கோ ஒரு விண்மீன் வெடித்திருக்கிறது என்ற செய்தி வந்ததும் வானியலாளர்கள் முதலில் கேட்பது, "இப்போது எங்கே இரவு?" என்றுதான். வெடித்த விண்மீனின் ஒளி யாருக்காகவும் நிற்பதில்லை. முதல் சில மணி நேரங்களில் அதன் நிறமும் வெப்பமும் வேகமாக மாறிவிடும். ஹவாயில் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டு நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுக்கத் தயாராவதற்குள் அங்கே பொழுது விடிந்துவிடலாம். ஹவாயில் காலை 6 மணி என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. கிழக்கு ஆஸ்திரேலியாவில் அதே 6 மணி நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அந்த இரண்டு இடங்களிலும் தொலைநோக்கியை மூடும் நேரத்தில் நமக்கு இன்னும் இரவு மிச்சமிருக்கும்.

உலக வரைபடத்தில் பெரிய வானாய்வகங்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஹவாய், கலிபோர்னியா, அரிசோனா, சிலி, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேனரித் தீவுகள் என்று மேற்குப் பக்கம் புள்ளிகள் நெருக்கமாக விழும். கேனரித் தீவுகளை விட்டுக் கிழக்கே வந்தால், கிழக்கு ஆஸ்திரேலியாவை எட்டும்வரை நீண்ட தூரத்துக்குப் புள்ளிகள் மிகக் குறைவு. அந்த இடைவெளியின் நடுவில் இருக்கிறது இந்தியா. நம் நாட்டில் இந்த வேலையைச் செய்யும் இரண்டு முக்கியமான இடங்கள் காவலூரும் ஹான்லேயும். ஒன்று ஜவ்வாது மலையில், மற்றது லடாக்கில். காவலூரின் தீர்க்கரேகை 78 பாகை 50 கலை, ஹான்லேயின் தீர்க்கரேகை 78 பாகை 58 கலை. யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை. ஆனாலும் தெற்கிலும் வடக்கிலும் ஏறத்தாழ ஒரே நெடுக்குக் கோட்டில் இரண்டு கண்கள் நமக்கு வாய்த்திருக்கின்றன. செஞ்சிக்கு வடமேற்கே உள்ள அவலூர்பேட்டை இந்தக் கோட்டுக்குக் கிழக்கே அரைப் பாகைதான் தள்ளியிருக்கிறது. அங்கே உச்சியைக் கடக்கும் விண்மீன் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்துக் காவலூரில் உச்சியைக் கடக்கும். நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 60 கிலோமீட்டர்தான் இருக்கும்.

இந்த இரண்டு இடங்களையும் இணைத்து நடந்த ஆய்வு வாழ்க்கை ஜி.சி. அனுபமாவுடையது. 1991-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு புனேயில் உள்ள ஐயுகா மையத்தில் ஆய்வு செய்தார். 1994-இல் பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வெடிக்கும் விண்மீன்களே அவருடைய துறை. 1972-இல் தொடங்கிய இந்திய வானியல் சங்கத்துக்கு முதல் பெண் தலைவரும் அவர்தான். வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. சந்திரசேகர் தாளில் கணக்கிட்டதை வானத்தில் அளந்து சரிபார்க்க இரவுகளைச் செலவிட்டவர்களின் பெயர்கள் நம்மிடையே அதிகம் புழங்கவில்லை. இந்த அத்தியாயம் அவர்களைப் பற்றியது.

அனுபமா தொடக்க ஆண்டுகளில் ஆராய்ந்தவற்றில் ஒன்று ஆர்.எஸ். ஒபியூச்சி என்ற இரட்டை விண்மீன். அது ஒரே ஒருமுறை வெடித்து அழிந்துபோகும் வகை இல்லை. 1898, 1933, 1958, 1967, 1985, 2006, 2021 என்று மீண்டும் மீண்டும் பொங்கி எழுந்திருக்கிறது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான ஒரு வெண்குள்ளனும் ஒரு சிவப்புப் பெருவிண்மீனும் அங்கே ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பெருவிண்மீனிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வெண்குள்ளனின் மேல் படிந்துகொண்டே போகும். படிந்த அடுக்கு ஓர் அளவைத் தாண்டியதும் அணுக்கரு வினை பற்றிக்கொள்ளும். மேலடுக்கு பெருவேகத்தில் வீசியெறியப்படும். அடியில் இருக்கும் வெண்குள்ளனுக்குச் சேதம் இல்லை. அது அடுத்த சுற்றுக்குப் பொருள் சேர்க்கத் தொடங்கிவிடும். இவ்வகைப் பொங்கலை நோவா என்கிறோம்.

1985 ஜனவரியில் பொங்கிய ஆர்.எஸ். ஒபியூச்சி மாதக்கணக்கில் எப்படி மாறியது என்பதைப் பற்றி அனுபமாவும் துஷார் பிரபுவும் 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீசியெறியப்பட்ட வாயு, பெருவிண்மீன் முன்பே கசியவிட்டிருந்த வாயுவின் மேல் மோதி பத்து லட்சம் பாகை அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் இரும்பு அணுக்கள் தம் எலக்ட்ரான்களில் பலவற்றை இழந்துவிடுகின்றன. முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தில் எந்த நிறமாலைக் கோடுகள் இருக்குமோ, அதே கோடுகள் இங்கும் தோன்றுகின்றன. அவை தோன்றி, வலுத்து, மறையும் ஒழுங்கை வைத்துத்தான் வாயு எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று சொல்ல முடியும். ஒரே ஓர் இரவின் நிறமாலை போதாது. பல மாதங்கள் தேவை.

இந்த வெண்குள்ளனைத் தனியாகக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. அதன் நிறை சந்திரசேகர் வரம்பை நெருங்கியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சந்திரசேகர் 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் போட்ட கணக்கு அது. வெண்குள்ளன் தன் எடையைத் தானே தாங்கி நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது அதன் முடிவு. இன்றைய கணக்கில் அந்த எல்லை சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில் வானியலாளர் எடிங்டன் அந்த முடிவை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. இந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது என்பதால் இங்கே இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது அந்த எண்ணின் விளைவு. கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த வெண்குள்ளன் பொருள் சேர்த்துச் சேர்த்து 1.4-ஐ நெருங்கினால் அதன் மையத்தில் கார்பன் பற்றிக்கொள்ளும். சில வினாடிகளில் முழு விண்மீனும் எரிந்து சிதறிவிடும். மிச்சம் எதுவும் இருக்காது. இதை 1ஏ வகை சூப்பர்நோவா என்கிறார்கள்.

எரிபொருளின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஒளியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் ஏற்றும் சோதியை, வானம் தெளிவாக இருந்தால், அவலூர்பேட்டைப் பக்கத்து மல்லாட்டைக் கழனிகளில் நிற்பவர்கள் தென்மேற்கு வாக்கில் ஒரு சிறு பொட்டாகப் பார்க்கலாம். கிரிவலப் பாதையில் நிற்பவருக்கு அதே தீபம் பெரிதாகத் தெரியும். ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரு மடங்கானால் கால் பங்கு ஒளிதான் வந்து சேரும். தீபத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்தவர், தன் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தை அளந்து, மலை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 1ஏ வகை சூப்பர்நோவாவைக் கொண்டு அது வெடித்த விண்மீன் மண்டலத்தின் தொலைவை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் அறிவித்த இரண்டு குழுக்களும் நம்பியது இந்த முறையைத்தான். அதற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த வகைக்குள்ளும் சில வெடிப்புகள் பிரகாசமானவை, சில மங்கலானவை. 1993-இல் மார்க் பிலிப்ஸ் என்ற வானியலாளர் இதற்குள் ஓர் ஒழுங்கைக் காட்டினார். உச்சப் பிரகாசத்தை எட்டிய பிறகு மெதுவாக மங்குபவை உண்மையில் பிரகாசமானவை, சட்டென்று மங்குபவை மங்கலானவை. உச்சத்திலிருந்து 15 நாளில் நீல ஒளி எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் உண்மைப் பிரகாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். பிரபஞ்சத்தை அளக்கும் வேலை இப்படி ஒரு 15 நாள் கணக்கின் மேல் நிற்கிறது. உச்சத்துக்கு முன்பே அளக்கத் தொடங்கியிருக்க வேண்டும், உச்சம் எப்போது என்று உறுதியாகத் தெரிய வேண்டும், அதன் பின் இரண்டு வாரம் விடாமல் தொடர வேண்டும். நடுவில் ஒரு வாரம் மேகம் மூடிவிட்டால் அந்த வெடிப்பிலிருந்து தொலைவைக் கறாராகச் சொல்ல முடியாமல் போகலாம். கண்டுபிடித்தவரின் பெயர் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்த இரண்டு வாரங்களையும் நிரப்பிக் கொடுத்தவர்களுக்கும் அதே அளவு மதிப்பு தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இத்தனைக்கும் காவலூர் மேகத்தோடு போராடும் இடம். வானியலாளர் வைனு பாப்பு 1960-களின் கடைசியில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. ஆலங்காயத்துக்கு மேலே, 725 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சம் எட்டாத காடு அது. 1792-இல் தொடங்கிய சென்னை வானாய்வகம் கொடைக்கானலுக்குப் போய், பிறகு இரவு வானத்துக்காக இங்கே வந்து சேர்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகைதான் என்பதால் தென் வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து தெரியும். ஆனால் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையின் மேகம், அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் மே வரைதான் நம்பிக்கையோடு இரவுகளைத் திட்டமிட முடியும்.

தென் வானம் தெரிவதன் அருமை 1987-இல் விளங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்த ஒளி பூமிக்கு வந்து சேர்ந்தது. 1604-க்குப் பிறகு மனிதர் கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் தெரிந்த சூப்பர்நோவா வேறில்லை. இது இன்னொரு வகை. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீனின் மையம் இரும்பாக மாறி, மேற்கொண்டு எரிக்க எதுவும் இல்லாமல், ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே சரிந்து விழும் வகை. வெளிப்படும் ஆற்றலில் 99 விழுக்காடு நியூட்ரினோ என்ற துகள்களாகப் போய்விடும். அந்தத் துகள்களை ஜப்பானின் கமியோகாண்டே கருவி பதினொன்று, அமெரிக்காவின் ஐஎம்பி எட்டு, ரஷ்யாவின் பக்சான் ஐந்து என்று பிடித்தன. கண்ணுக்குத் தெரியும் ஒளி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே அவை வந்துவிட்டன. விண்மீனின் மையம் சரிவதை மனிதர் நேரடியாக உணர்ந்த முதல் தருணம் அதுதான்.

அந்த சூப்பர்நோவா ஹான்லேயில் ஒருபோதும் உதிக்காது. காவலூரில் அது அடிவானத்துக்கு மேலே எட்டுப் பாகைதான் ஏறும். அவ்வளவு தாழ்வான பொருளை எந்த வானியலாளரும் விரும்பிப் பார்ப்பதில்லை. பூமியின் காற்று அங்கே மிகத் தடிமனாகக் குறுக்கே நிற்கும். தூசியும் ஈரமும் சேர்ந்து ஒளியை விழுங்கும். தெற்கு அடிவானத்தின் மேல் அது நிற்கும் நேரமும் குறைவு. அப்படியும் காவலூரில் அதன் தொடக்க கால நிறமாலைகளைப் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டே வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் அனுபமாவும் ஒருவர். தமிழ்நாட்டு மலை ஒன்றிலிருந்து இது நடந்தது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேகம் கலைக்காத இரவுகளைத் தேடிய பயணம் ஹான்லேயில் முடிந்தது. இமயத்தின் மழை மறைவுப் பகுதி, 4,500 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு இருபது பாகைக்கும் கீழே போகும் குளிர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 260 இரவுகளில் நிறமாலை எடுக்கலாம். அங்கே 2 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கியை நிறுவினார்கள். 2000 செப்டம்பரில் அது முதல் ஒளியைக் கண்டது. அதற்கு வைத்த பெயர் இமாலய சந்திரா தொலைநோக்கி, சந்திரசேகரின் நினைவாக. அதை உருவாக்கி நிறுவிய பொறுப்பில் அனுபமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வாளர் அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உள்ள அறையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தொலைநோக்கியைத் திருப்பலாம். குளிரைத் தாங்குபவர்கள் ஹான்லேயிலேயே தங்கியிருக்கும் பொறியாளர்களும் பணியாளர்களும். வேறொருவருக்கு ஒதுக்கிய இரவில் ஒரு விண்மீன் வெடித்தால், அவர் தன் நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. இந்த ஏற்பாடு இல்லையென்றால் சூப்பர்நோவா ஆய்வே நடக்காது.

2 மீட்டர் ஆடி என்பது இன்றைய கணக்கில் சிறியது. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு 2004ஈடி என்ற சூப்பர்நோவா நல்ல எடுத்துக்காட்டு. என்ஜிசி 6946 என்ற மண்டலத்தில், 2004 செப்டம்பர் 27 அன்று, இத்தாலிய ஆர்வலர் ஸ்டெஃபானோ மொரெட்டி அதைக் கண்டார். 1917 முதல் 2017 வரை பத்து சூப்பர்நோவாக்களைக் காட்டிய மண்டலம் அது. தேவேந்திர குமார் சாகுவும் அனுபமாவும் குழுவினரும் ஹான்லேயிலிருந்து அதை ஓராண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள்.

அவ்வளவு நாள் எதற்கு? வெடிப்பில் உண்டாகும் கதிரியக்க நிக்கல் ஆறு நாள் அரை ஆயுளில் கோபால்ட்டாக மாறும். கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாக மாறும். வெடிப்பின் வெப்பம் ஆறிய பிறகு சூப்பர்நோவாவை ஒளிர வைப்பது இந்தச் சிதைவுதான். எனவே பிற்காலத்தில் அதன் ஒளி கோபால்ட்டின் கணக்குப்படி, நூறு நாளில் ஐந்தில் இரண்டு பங்காக, சீராகக் குறைய வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒளியை அளந்தால் எவ்வளவு நிக்கல் உண்டானது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். 2004ஈடியில் அது சூரிய நிறையில் சுமார் நூறில் ஆறு பங்கு. இன்னொன்றும் கிடைத்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒளி கோபால்ட்டின் கணக்கைவிட வேகமாகக் குறைந்தது, நிறமாலைக் கோடுகளின் உச்சியும் நீலப் பக்கம் நகர்ந்தது. சிதறிய வாயு குளிர்ந்து அதற்குள் தூசி உண்டாகத் தொடங்கியதன் அடையாளம் இது. வெடிப்பின் பின்பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் தூசி மறைக்கிறது. முதல் வாரத்தோடு நிறுத்தியிருந்தால் நிக்கலும் தெரியாது, தூசியும் தெரியாது.

சந்திரசேகரின் எண்ணையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 2005எச்கே என்ற 1ஏ வகை உறவுக்கார சூப்பர்நோவாவை ஹான்லே குழு ஆராய்ந்து 2008-இல் எழுதியது. வழக்கமான வெடிப்பில் உச்சத்தின்போது வாயு வினாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாயும். இதில் ஆறாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது, ஒளியும் குறைவு. இந்த வகையில் வெண்குள்ளன் முழுதாக எரியாமல் ஒரு துண்டு மிஞ்சக்கூடும் என்று இப்போது கருதுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் வியப்பு உண்டு. 2003எஃப்ஜி என்ற வெடிப்பு அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்தது. அதை விளக்க 2.1 சூரிய நிறை வேண்டும் என்று 2006-இல் ஆண்ட்ரூ ஹாவல் குழு காட்டியது. 1.4 எங்கே, 2.1 எங்கே! மிக வலுவான காந்தப்புலம் இருந்தால் வரம்பு 2.58 வரை உயரலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உபாசனா தாசும் பனிப்ரதா முகோபாத்யாயும் 2013-இல் கணக்குக் காட்டினார்கள். இரண்டு வெண்குள்ளன்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்திருக்கலாம் என்பது மற்றவர்கள் சொல்லும் விளக்கம். இந்த விவாதம் முடியவில்லை. தீபத்தில் எல்லா ஆண்டும் ஒரே அளவு நெய்தானா என்று உறுதியாகத் தெரியாமல் தொலைவை அளப்பது ஆபத்து என்பதால், இந்த விதிவிலக்குகளைத் தேடித் தேடி அளக்க வேண்டியிருக்கிறது.

2018-இல் அனுபமாவும் மும்பை ஐஐடியின் வருண் பலேராவும் முன்னின்று ஹான்லேயில் 70 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். குரோத்-இந்தியா என்பது அதன் பெயர். செய்தி வந்தால் மனிதர் கை படாமல் தானே திரும்பிப் படம் எடுக்கக்கூடிய எந்திரத் தொலைநோக்கி அது. 2023 மே 19 அன்று ஜப்பானின் கோய்ச்சி இத்தகாகி எம்101 மண்டலத்தில் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவாவைக் கண்டபோது இந்தியாவில் இரவு பதினொரு மணியை ஒட்டிய நேரம். முதல் நாள்களிலேயே ஹான்லேயிலிருந்து நிறமாலைகள் வந்தன. வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியையும் அந்தப் பக்கம் திருப்பினார்கள். முதல் ஒரு வாரம் மட்டும் தெரிந்து மறைந்த மெல்லிய கோடுகள், அந்த விண்மீன் சாவதற்குச் சற்று முன்பு தன்னைச் சுற்றி அடர்த்தியான வாயுவை உமிழ்ந்திருந்ததைக் காட்டின. இதைப் பற்றிய கட்டுரையை எழுதியவர்களில் இளம் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். அனுபமா காவலூரில் தொடங்கிய அதே வயதுக்காரர்கள்.

சிலியில் 8.4 மீட்டர் ஆடி கொண்ட ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டு காலம் தென் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் திட்டம் அதனுடையது. ஓர் இரவில் ஒரு கோடி வரையிலான மாற்ற அறிவிப்புகள் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். சூப்பர்நோவாக்கள் குவியும். ஆனால் அது ஒரே இடத்தை ஒவ்வோர் இரவும் பார்த்துக்கொண்டிருக்காது. சில நாள் விட்டுவிட்டுத்தான் திரும்பி வரும். நிறமாலையும் எடுக்காது. பிலிப்ஸ் கேட்ட அந்த 15 நாளை வேறு யாராவது நிரப்ப வேண்டும். சிலியில் விடிந்த சில மணி நேரத்தில் இங்கே அந்தி சாய்கிறது. ரூபின் பார்க்கும் தென் வானத்தில் ஹான்லேக்கு எட்டாத பகுதி நிறைய உண்டு. அதில் பெரும்பகுதி காவலூருக்கு எட்டும். 1986-இல் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்த 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி இன்னும் அங்கே இயங்குகிறது. அதற்குப் புதிய கருவிகள் வேண்டும், ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் தெருவிளக்குகள் வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும், ஜனவரியிலிருந்து மே வரையான இரவுகளுக்கு ஆள் வேண்டும்.